மாலை நிழல் அலுவலர்களுக்கு மட்டும்

நெல்லை அளந்தார்கள் நம் நாட்டில், நிலத்தை அளந்தார்கள், பிறந்த வீட்டை விசாரித்து மனிதனையே அளந்து, இவன் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டியவன் என்று கணக்கும் சொன்னார்கள். அளக்கப்படாமல் எஞ்சி நின்றது மிதிவண்டி ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே திருவரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில், ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, மலைமிதிவண்டிச் சட்டக அளவுத் தீர்மான வாரியம் நிறுவப்பட்டது.

சட்டகம் என்றதும் யாரும் மிரள வேண்டியதில்லை. கடைக்காரர்கள் ஃபிரேம் என்று சொல்கிறார்களே, சக்கரமும் இருக்கையும் பொருத்துகிற அந்த உலோகக் கூடுதான் அது. கால் நீண்டவர்க்குப் பெரிய கூடு. கால் குட்டையானவர்க்குச் சிறிய கூடு. வண்டியை இரு கால்களுக்கும் நடுவே நிறுத்தி, பாதங்கள் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்து, மேல்கம்பிக்கும் உடம்புக்கும் இடையே நான்கு விரல் நுழைய இடம் இருந்தால் அளவு சரி. கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம். அரை நிமிடத்தில் முடியும் காரியத்தை அப்படியே விட்டுவைத்தால், மற்றக் காரியங்களையும் நாமே முடித்துக்கொள்ளலாமே என்ற கெட்ட எண்ணம் மக்களுக்கு வந்துவிடும் அல்லவா? ஆகவே, மலைப்பணிக்கு அரசுச் செலவில் வாங்கப்படும் எந்த மிதிவண்டிக்கும் வாரியத்தின் அளவுச் சான்று கட்டாயம் என்று ஆணை பிறந்தது.

அனுசுயாவுக்கு இந்த வரலாறு தெரியாது. மருங்காபுரிப் பக்கத்தில் கடலையும் கம்பும் விளைகிற மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவள். நெடிய உருவம். பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். படிப்பில் குறை கண்டு அன்று, பின்னால் இருந்த பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று. இப்போது அவளுக்கு ஓணாங்கரடு என்ற பாறை மலையின் மேலே இருக்கும் குடியிருப்புக்கு மருந்து கொண்டுபோகும் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. மோட்டார் வண்டி ஏறாத சரளைப் பாதை. நடந்து போனால் பெட்டியில் இருக்கும் ஐஸ் கரைந்து இன்சுலின் கெட்டுவிடும். மிதிவண்டியில் போனால் போகலாம்; பாறை குறுக்கிட்டால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டலாம்.

மேலே காத்திருந்தவள் மயிலம்மாள். ஆடு வளர்ப்பவள். சர்க்கரை நோய் முற்றி, இடது உள்ளங்காலில் ஆறாத புண். ஊசி போட்டுக்கொள்ளத் தெரிந்தவள். ஊசியில் ஏற்ற மருந்துதான் இல்லை. மருந்துக்காக மலை இறங்கினால் புண் பெருகும். இறங்காமல் இருந்தால் மருந்து வராது. முன்பு வந்துகொண்டிருந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறைமேல் மட்டும் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே பேரனைப் போலத் தன்னைத் தாங்கும் கம்பை ஊன்றி ஏறி அமர்ந்து அனுசுயாவை அழைப்பாள்.

"வண்டி வாங்கிட்டியா, புள்ள?"

"இன்னைக்கு வாங்கிருவேன்க்கா. நாளைக்கு மேல வந்துருவேன்."

அன்று காலை அனுசுயா திருச்சிக்குப் பஸ் ஏறியபோது உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள்.

தில்லைநகர்க் கடையில் விற்பனையாளன் ரஞ்சித் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கறுப்பு வண்டியை உருட்டி வந்தான்.

"பத்தொன்பது இஞ்ச். கால் போட்டு நில்லுங்க மேடம். பாதம் ரெண்டும் கீழ படுதா? ஆங், கரெக்டா இருக்கு. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. பில்லு போட்டுரவா?"

"போடுங்கண்ணே. கரட்டுக்கு மருந்து கொண்டு போறதுக்கு. ஆபீஸ்லேர்ந்து பணம் கட்டிருவாங்க."

ரஞ்சித்தின் முகத்தில் இருந்த வியாபாரம் வடிந்தது.

"கவர்மெண்டு வண்டியா? அப்ப வாரியத்துல சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க."

"எதுக்குண்ணே? கால்தான் எட்டுதே."

"எட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. வாரியத்துக்குத் தெரியணும்ல? இப்படித்தாங்க ஆறடி ஆளு ஒருத்தர் வந்தாரு. சின்னப் புள்ளைங்க வண்டி எழுதிக் குடுத்துருந்தாங்க. மிதிச்சா முட்டி தாடையில இடிக்குது. வசதியா இருக்கா சார்னு கேட்டேன். பொசுக்குன்னு அழுதுட்டாரு மனுசன். அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாரு."

அவன் கதை கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு அனுசுயா திருவரங்கம் போனாள்.

வாரியத்தின் வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். உள்ளே எல்லா அலுவலர்களும் பளபளக்கும் ஷூக்களோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் ஆனந்தவள்ளி மட்டும் செருப்பணிந்திருந்தார். அவர் பதவி ஷூவுக்கும் வெறுங்காலுக்கும் இடைப்பட்டது.

"மேடம், என் காலை அளந்து ஒரு சர்டிபிகேட் வேணும்."

ஆனந்தவள்ளி திடுக்கிட்டார். "மெதுவாப் பேசுங்கம்மா. காலையா? இங்க யாரு காலையும் நாங்க அளக்கிறதில்லை."

"அப்ப வண்டிக்கு எப்படிங்க அளவு சொல்வீங்க?"

"நிழலை வெச்சு."

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த முடிவுக்கு வாரியம் எளிதில் வந்துவிடவில்லை. முதல் கூட்டத்திலேயே பெரும் சிக்கல் எழுந்தது: காலை அளப்பவர் யார்? அலுவலர் ஒருவரின் காலை அளக்கக் குனிந்தால் அது கும்பிடுவது போல ஆகிவிடுகிறது. கும்பிட்டவன் நாடாவைப் பிடிப்பானா, வரம் கேட்பானா? கடைநிலை ஊழியனின் காலை அளக்க வேண்டுமானால் அலுவலர் குனிய வேண்டும். அதற்கு இந்த நாட்டின் வரலாற்றில் முன்மாதிரி இல்லை. பெண்ணின் காலை அளப்பது பற்றிப் பேச்செடுத்ததும் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அப்போதுதான் அளவியல் ஆலோசகர் சித்தார்த்தன் எழுந்து, ஆளைத் தொடாமலே அளக்க ஒரு வழி உண்டு என்றார். கேட்டவர்கள் கரவொலி எழுப்பினார்கள். எழுப்பமாட்டார்களா? ஒருவன் நிழல் மேலே பட்டுவிட்டது என்பதற்காக ஆற்றில் போய் முழுக்குப் போட்டு எழுந்தவர்களின் வழிவந்தவர்கள் அல்லவா? நிழலைக் கொண்டு ஆளைத் தரம் பிரிப்பதில் நமக்கு இருக்கும் தேர்ச்சி உலகில் வேறு எவர்க்கு உண்டு?

"எப்பங்க அளப்பீங்க?" என்றாள் அனுசுயா.

"ஊழியர்களுக்கு நடுப்பகல். சார் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி. அங்க உட்காருங்க. உட்கார வேணாம், நில்லுங்க. அது அலுவலர் நாற்காலி."

சித்திரை வெயில். கட்டடத்தின் பின்முற்றத்தில் அவளை நிறுத்தினார்கள். சித்தார்த்தன் நாடாவோடு வந்து, அவள் நிழலைத் தேடினார். அது அவள் பாதங்களுக்குக் கீழே, அடிக்குப் பயந்த நாயைப் போலச் சுருண்டு கிடந்தது. அவர் நாடாவை விரித்தார். விரித்த வேகத்தில் சுருட்டினார்.

"பதின்மூன்று அங்குலம்" என்று அறிவித்தார்.

"சார், அது ஸ்கூல் புள்ளைங்க ஓட்டறதுங்க! கடையில ஏறி நின்னு பார்த்தேன். பத்தொன்பது சரியா இருந்துச்சு."

"ஏறி நின்று பார்ப்பது உணர்வு. நிழல் என்பது அறிவியல்."

"சாயங்காலமா வந்தா நிழல் நீளமா விழுமே சார்?"

சித்தார்த்தன் அவளைப் பரிவோடு பார்த்தார். "நேரத்துக்கு நேரம் நிழல் மாறும் என்பது எனக்குத் தெரியாதா அம்மா? வெளிநாட்டுக் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரையே வாசித்திருக்கிறேன். நிழல் மாறும். அலுவலக நேரம் மாறாது."

ஆனந்தவள்ளி சுவரைச் சுட்டிக்காட்டினார். அங்கே தொங்கிய பலகையில் சிவப்பு எழுத்தில் கண்டிருந்தது: மாலை நிழல் அலுவலர்களுக்கு மட்டும்.

அலுவலர்களின் நிழலைக் கொள்ளிடக் கரையில், மாலை உலா முடிந்து இளநீர் குடித்த பிறகு, மேற்கே கதிர் சாயும் வேளையில் அளப்பது வழக்கம். வாரியத்தின் தலைவர் அருள்நாதன் ஐந்தடிக்குச் சற்றே உள்ளே நிற்பவர். அவரை அளந்த மாலையில் அவருடைய நிழல் கரையிலிருந்து புறப்பட்டு, மணலைக் கடந்து, தேங்கி நின்ற நீரில் நனைந்து, அக்கரை போகப் பார்த்தது என்று கண்டவர்கள் சொல்கிறார்கள். சித்தார்த்தன் நாடா தீர்ந்து திரும்பி வந்தாராம். வாரியத்தின் கொள்முதலில் பத்தொன்பதுக்கு மேல் அளவு இல்லாததால், தலைவர் பெருந்தன்மையோடு அதையே ஏற்றுக்கொண்டார்.

அனுசுயா வீதிக்கு வந்ததும் போன் அடித்தது.

"என்ன புள்ள, கெளம்பிட்டியா?"

அனுசுயா நடந்ததைச் சொன்னாள்.

"நெழலையா அளந்தாங்க?"

"ஆமாக்கா."

"அப்ப அந்த ஊரு ராசகோபுரம் ஒரு சைக்கிளு கேட்டா எத்தாச்சோடு பெரிய வண்டி எழுதிக் குடுப்பானுங்க?"

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. "கால் எப்படிக்கா இருக்கு?"

"காலு கெடக்கு. நாத்தம் வருதுன்னு ஆடு கூடக் கிட்ட வர மாட்டேங்குது. நீ உன் காலைப் பாரு. நெழலுக்கு வண்டி குடுக்கறாங்கன்னா நெழலையே மருந்து கொண்டாரச் சொல்லிட்டு நீ வீட்டுல இரு."

அனுசுயா வீட்டில் இருக்கவில்லை. மேல்முறையீடு செய்தாள். நேரில் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிற இனம் இன்னும் இந்த மண்ணில் அழிந்துவிடவில்லை.

மேல்முறையீட்டு நாளன்று வாரியம் முழு அமர்வாகக் கூடியது. நாற்காலிகளின் முதுகில் துவைத்த துண்டுகள் போர்த்தப்பட்டிருந்தன. தலைவரின் நாற்காலியில் மட்டும் இரண்டு மெத்தைகள். கால்களுக்குக் கீழே ஒரு முக்காலி. அனுசுயா எதிரில் நின்றாள். நின்றால் அவள் தலை தலைவரின் தலைக்கு மேலே போகிறது என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். உட்கார வைத்தால் உரிமை ஆகிவிடும் என்று இன்னொருவர் எச்சரித்தார். கடைசியில் அவளை வாசற்படிக்குக் கீழே இறங்கி நிற்கச் சொன்னார்கள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை நீங்களே பாருங்க. வண்டி மேல ஏறி நிக்கிறேன். கால் எட்டுதா, முட்டி இடிக்குதான்னு கண்ணால பார்த்துட்டு எழுதிக் குடுங்க. மேல ஒரு அம்மாவுக்குக் கால் அழுகுதுங்க. வாரத்துக்கு ஒருக்கா மருந்து போயாகணும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். மேடை கிடைக்காத வீட்டுக்கூடத்திலும் மேடை இருப்பதாகவே பாவித்துப் பேசக்கூடியவர் அவர்.

"பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே! இந்தப் பெண் மிகப் பயங்கரமான ஒரு கருத்தை மிகப் பணிவான குரலில் சொல்லியிருக்கிறாள். மனிதனுக்கு ஏற்றபடி வண்டி அமைய வேண்டுமாம்! இன்று வண்டி என்பார்கள். நாளை, பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளிக்கூடம் என்பார்கள். நோயாளிக்கு ஏற்றபடி மருத்துவமனை என்பார்கள். மறுநாள் மக்களுக்கு ஏற்றபடி வாரியம் என்று கேட்கமாட்டார்கள் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? எல்லாம் எல்லார்க்கும் பொருந்திவிட்டால், பொருந்தவில்லை என்று முறையிட்டுக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறவர் யார்? வருகிறவர் இல்லாத இடத்தில் நாம் யார்?"

"அருமை!" என்றார் ஓர் உறுப்பினர். அவர் கண் கலங்கியிருந்தது.

"கால் அழுகுகிறது என்கிறாள். வருந்துகிறேன். ஆனால், அது இந்த வாரியத்தின் வரம்புக்குள் வரும் கால் அன்று. நாம் மிதிக்கும் கால்களுக்கு மட்டுமே பொறுப்பு."

"ஐயா, அப்ப சாயங்காலம் ஒரு பத்து நிமிசம்..."

"மாலை நிழல் பல்லாண்டுப் பணியினால் வருவது. கேட்டுப் பெறுவது அன்று. பதின்மூன்று அங்குலம் உறுதி செய்யப்படுகிறது. ஓணாங்கரட்டு அடிவாரத்தில் நடக்கும் மலைமருந்துத் திட்டத் தொடக்க விழாவுக்கு வண்டியோடு வந்து சேர். அன்று மலையேறாத ஊழியரின் பணி தானாகவே முடிவுக்கு வரும்."

சான்று கையில் வந்தது. ரஞ்சித் சின்ன வண்டியை உருட்டி வந்தான். பழைய பழக்கத்தில் மணி வேண்டுமா, கைப்பிடி ஓரத்தில் குஞ்சம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அனுசுயா ஏறி மிதித்தாள். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. முழங்காலை விரித்து மிதித்தாள்; தெருவில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊருக்குப் போய்க் கரட்டின் முதல் ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தாள். முன்சக்கரம் மேலே எழும்பி அவளைப் பின்பக்கமாகக் கவிழ்த்தது. முழங்கையில் தோல் உரிந்தது. மருந்துப்பெட்டி அன்று வெறுமையாக இருந்ததால் உருண்டதோடு போயிற்று.

தொடக்க விழா வந்தது. அடிவாரத்து மைதானத்தில் பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. வேறு வேறு மலை ஊர்களுக்கு மருந்து சுமக்கும் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் நடுப்பகலில் அளக்கப்பட்டவர்கள். ஆளுக்கொரு பதின்மூன்று அங்குல வண்டியைப் பிடித்துக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாவில் வேடம் போட்டுக்கொண்ட பெற்றோர்களைப் போல அவர்கள் கூச்சத்தோடு நின்றார்கள். அனுசுயாவின் பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி. இந்த முறை அதற்குள் மருந்து இருந்தது. பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தலைவரே முதல் மருந்துப்பெட்டியோடு மலையேறித் திட்டத்தைத் தொடங்குவார் என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. பத்தொன்பது அங்குல வண்டியை இருவர் பிடித்துக்கொள்ள, முக்காலியின்மேல் ஏறி, மூன்றாமவர் தோளைப் பற்றி, அருள்நாதன் அமர்ந்தார். சட்டையில் ஒலிவாங்கி குத்தப்பட்டது. பிடித்திருந்தவர்கள், படம் எடுப்பவர்களுக்கு மறைக்கக் கூடாதே என்று விலகினார்கள். மைதானம் சற்றே சரிவானது. வண்டி புறப்பட்டது.

"அன்பார்ந்த மலைவாழ் பெருமக்களே!" என்று தலைவர் தொடங்கினார்.

மிதிகட்டை மேலே வரும்போதெல்லாம் அவர் கால் அதைத் தொட்டது. கீழே போகும்போது பிரிந்தது. தரைக்கும் அவர் பாதத்துக்கும் இடையே ஒரு முழம் வெற்றிடம். பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கும். நின்றால் தலைவர் சாய்வார். அந்த உண்மை முதல் சுற்றிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஆகவே நிற்காமல் மைதானத்தைச் சுற்றினார்.

"நமது வாரியம் ஒருபோதும் நிற்காது!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. கைதட்டினார்கள். "எவர் தடுத்தாலும் நிற்காது! சித்தார்த்தன், ஓடி வாய்யா! நின்று ஓய்வெடுக்கும் பழக்கம் எமக்கில்லை! யோவ், புடிங்கய்யா!"

"என்னமா பேசறாரு!" என்றார் பந்தலில் ஒருவர்.

"வண்டி ஓட்டிக்கிட்டே பேசறாரு பாருங்க, அதான் தலைவரு!"

அலுவலர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். முன்னால் போய்த் தடுப்பது மரியாதைக்குறைவு என்பதால் பின்னாலேயே ஓடினார்கள். மூன்றாம் சுற்றில் வண்டி பாதை ஓரத்துப் பள்ளத்தை நோக்கித் திரும்பியது. அனுசுயா தன் சின்ன வண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டு, குறுக்கே பாய்ந்து, முன்சக்கரத்தை இரு தொடைகளுக்கும் நடுவே இடுக்கி, கைப்பிடியைப் பற்றி நிறுத்தினாள். தலைவர் இருக்கையிலிருந்து வழுக்கி மேல்கம்பியின்மேல் வந்து சேர்ந்தார். அப்போது ஒலிபெருக்கியில் கேட்ட ஒலி எந்த மொழியையும் சேர்ந்ததன்று.

இறக்கி நாற்காலியில் வைத்தார்கள். சோடா கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"ஐயா, ஐஸ் உருகுதுங்க" என்றாள் அனுசுயா. "அந்தப் பெரிய வண்டியைக் குடுங்க. ஒரு தடவை போயிட்டு வந்துர்றேன்."

"தலைவருக்குரிய வண்டியைத் தலைவர் மட்டுமே செலுத்தலாம்" என்றார் ஆனந்தவள்ளி. விதி எண்ணும் சொன்னார்.

"ஆனால் தலைவர் மலையேறினார் என்று செய்தி வந்தாக வேண்டுமே" என்றார் சித்தார்த்தன்.

அருள்நாதன் கண்களை மூடிக்கொண்டு யோசித்தார். ஏறவும் வேண்டும், ஏறவும் கூடாது. புகழ் மேலே போக வேண்டும், உடம்பு கீழே இருக்க வேண்டும். இத்தகைய சிக்கல்களைத் தீர்ப்பதற்காகவே பதவிகள் உண்டாக்கப்பட்டிருக்கின்றன. அவர் கண் திறந்தார்.

"எழுதிக்கொள், ஆனந்தவள்ளி. அவசரத் தீர்மானம். தலைவருக்குரிய வண்டியின்மீது எவர் இருக்கிறாரோ, அவர் அதன்மீது இருக்கும் காலம்வரை வாரியத்தின் தலைவராகவே கருதப்படுவார். அவர் செய்வன யாவும் தலைவர் செய்தனவாகும். எல்லாருக்கும் சம்மதந்தானே?"

உறுப்பினர்கள் அனைவரும் கை தூக்கினார்கள். ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

அனுசுயா அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை எடுத்துப் பெரிய வண்டியில் கட்டினாள். ஏறினாள். பாதம் தரையில் பதிந்தது. மிதிகட்டையில் கால் நீண்டு மடங்கியது. உடம்பும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. சரளை தெறிக்க மேலே போனாள். பாறை வந்த இடத்தில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டினாள். முதல் வளைவு வரைக்கும் கீழே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சாப்பாட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

மயிலம்மாள் குடிசை வாசலில் காலை ஒரு கட்டையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈக்களை விரட்டக் கையில் வேப்பங்கொத்து.

"வந்துட்டியா! நெழல் வரும்னு பார்த்தேன், ஆளே வந்துருக்கு."

"காலைக் காட்டுங்க முதல்ல."

பழைய கட்டைப் பிரித்தபோது அனுசுயா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கழுவினாள், மருந்திட்டுப் புதுத்துணி சுற்றினாள். மயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்சுலினை ஊசியில் ஏற்றிக் குத்திக்கொண்டாள்.

"காலை எடுக்கணும்பாங்களா?"

"வாரா வாரம் கட்டு மாத்தினா எடுக்க வேணாம்க்கா. விட்டாத்தான் போயிரும்."

"அப்ப வாரா வாரம் வருவேல்ல?"

அனுசுயா பழைய துணியைச் சுருட்டி எடுத்தாள். இந்த வண்டி இன்று ஒரு நாளைக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கீழே நடந்த தீர்மானத்தை மட்டும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். வண்டிமேல் இருக்கிற வரைக்கும் நான்தான் தலைவராம் என்றாள்.

மயிலம்மாள் சிரிக்கவில்லை. வேப்பங்கொத்தைக் கீழே வைத்தாள்.

"செய்யறது எல்லாம் தலைவரு செஞ்சதாகும்னா சொன்னான்?"

"ஆமாக்கா."

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"அப்ப என்னத்துக்குடி எறங்கி இங்க உட்கார்ந்திருக்க?"

அனுசுயா எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அவள் மைதானத்துக்குள் வந்து சேர்ந்தபோது, வெற்றிப் படத்துக்காக எல்லாரும் வரிசையாகக் காத்திருந்தார்கள். அருள்நாதன் மாலை அணிந்து தயாராக நின்றார். நெற்றியில் வியர்வை போலத் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

"மிக்க மகிழ்ச்சி. மலையேறிவிட்டேன்" என்றார். "இறங்கு அம்மா, வண்டியைக் கொடு."

அனுசுயா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். மற்றக் கால் மிதிகட்டையில் இருந்தது. இறங்கவில்லை.

"மேடம், எழுதிக்குங்க" என்றாள் ஆனந்தவள்ளியைப் பார்த்து. "இனிமே யாருக்கும் நிழலை வெச்சு அளவு எழுதக் கூடாது. வண்டி ஓட்டப் போறவங்க கடையில ஏறி நின்னு பார்த்து, கால் எட்டுற வண்டியை அவங்களே எடுத்துக்கலாம். இங்க நிக்கிறவங்க அத்தனை பேரும் அந்தக் குட்டி வண்டியைக் குடுத்துட்டு நாளைக்கே மாத்திக்கலாம். இந்தப் பத்தொன்பது இஞ்ச் வண்டி ஓணாங்கரட்டு வேலைக்கு. சர்டிபிகேட் தேவையில்லை."

ஊழியர்களின் வரிசையில் ஓர் அசைவு ஓடியது. ஆனந்தவள்ளி புரட்சியை விரும்புகிறவர் அல்லர். அவருக்குப் பிடித்தது விதி. தலைவர் என்று பதிவான ஒருவர் எழுதச் சொன்னால் அவர் கை தானாக எழுதும். எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆனந்தவள்ளி!" என்று அலறினார் அருள்நாதன். "என்ன எழுதறே? யார் சொல்லி எழுதறே? தலைவர் நான்!"

ஆனந்தவள்ளி பேனாவை நிறுத்தி இருவரையும் ஒருமுறை பார்த்தார்.

"மன்னிக்கணுங்கய்யா. அவங்க வண்டி மேல இருக்காங்க. நீங்க தரையில நிக்கிறீங்க."

"அப்படியானால் அவளை இறங்கச் சொல்!"

"தலைவரை இறங்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்களே."

அருள்நாதன் சித்தார்த்தனைப் பார்த்தார். சித்தார்த்தன் உறுப்பினர்களைப் பார்த்தார். கை தூக்கிய உறுப்பினர்கள், இரண்டு கைகளையும் தூக்கியவர் உட்பட, மலையைப் பார்த்தார்கள்.

அனுசுயா கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினாள்.

"எழுதிட்டீங்கன்னா இப்படிக் கொண்டாங்க மேடம். நான் இறங்கறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுர்றேன்."